பயிர்க்காவலுக்கான துவக்குத் தாங்கிகளைத் தெரிவுசெய்தல்

பெரும்போக நெற்பயிர் பால் பிடிக்குங் காலந் தொடக்கம் சூடடிப்பு முடியும் வரையும், காட்டோரத்திற் செய்கைபண்ணுங் கமக்காரருக்கு இராக்காவல் தவிர்க்கவியலாத வேலையாகும். சேனையிற் சோளமும் நிலக்கடலையும், தோட்டத்தில் மரவள்ளியும் வற்றாளையும், மலைநாட்டுச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் காவலின்றி வீடு வந்து சேர்வதில்லை. காட்டுப்பன்றிக் கூட்டமொன்று ஓரிரவில் தின்னும் நெல்லிலும் பார்க்க மிதித்தும் புரண்டும் அழிக்கும் நெல்லே அதிகம். கிழங்குத் தோட்டத்திலோ, அது மூக்காற் கிண்டிச் சென்ற வரிசையில் மறு நடுகைக்கு உதவும் தண்டுகூட எஞ்சுவது அரிது.

பன்றியைத் தடுக்கும் முதற்கருவி வேலியே. துவக்கு அதற்கு ஈடாகாது. நல்ல வேலியும் ஒழுங்கான காவலும் இருந்தும் உள்ளே நுழைந்து பழகிவிட்ட பன்றிக்கே துவக்கு வேண்டப்படும். பயிர்க்காவலுக்கென உத்தரவுப்பத்திரம் பெற்ற சுடுகலத்தை வைத்திருக்குங் கமக்காரர் தோட்டாவைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் நிரம்பப் பேசுவர். ஆனால் அத்துவக்கை எதன்மேற் தாங்கிச் சுடுவது என்பதைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. மரத்தில் சாய்ந்தோ, வரம்பிற் குந்தியோ, பரணின் குறுக்குத்தடியில் குழலை வைத்தோ, வந்தபடி சுடுவதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கின்றது. கரடுமுரடான நிலத்தில் எடுத்துச் செல்லத்தக்க தாங்கி எவ்வாறிருத்தல் வேண்டும், எந்நிலத்துக்கு எது பொருந்தும், எது ஆபத்தைத் தரும் என்பனவற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

தாங்கி ஏன் வேண்டும்?

கையால் மட்டும் பிடித்த துவக்கு ஒருபோதும் அசையாது நிற்பதில்லை. மூச்சினால் மார்பு உயர்ந்து தாழ்கின்றது. நாடித்துடிப்பு தோள்வழியே துவக்கிற்குச் செல்கின்றது. வரம்பு வழியே விரைந்து வந்தவனுக்குக் கை நடுக்கமும் உண்டு. இவ்வசைவு சிறிதாயினும் அதன் பலன் சிறிதன்று. கண்ணுக்கும் குழல்வாய்க்கும் இடையே மூன்று அடி தூரமெனக் கொள்வோமாயின், குழல்வாய் கால் அங்குலம் விலகினாற் போதும். 25 யாரில் வெடி 6 அங்குலத்துக்கு மேல் விலகிவிடும். பன்றியின் முன்காலுக்குப் பின்னே, இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் அகலமே. ஆகவே கால் அங்குல அசைவு, உடனே விழவேண்டிய பன்றியை வயிற்றிற் காயப்பட்டுக் காட்டுக்குள் ஓடும் பன்றியாக்கி விடுகின்றது.

சன்னம் பரந்து செல்லுமாதலால் குறி சற்றுப் பிழைத்தாலும் படும் என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் சிறு பறவைக்குப் பொருந்தலாம், பன்றிக்குப் பொருந்தாது. பயிர்க்காவலில் பலரும் உபயோகிக்கும் எஸ்.ஜி. சன்னம் ஓர் அவுன்சுக்கு 8 என்னும் அளவினது. 12ஆம் இலக்கத் தோட்டாவொன்றில் வழக்கமாக 9 சன்னங்களே இருக்கும். வாய் ஒடுங்காத குழலிலிருந்து புறப்படும் சன்னங்களில் நூற்றுக்கு 40 பங்கே 40 யாரில் 30 அங்குல வட்டத்துக்குள் விழும் என்பது துவக்குத் தொழிலார் கொண்ட கணக்கு. அதாவது ஒன்பதில் மூன்றோ நான்கோ. அவையும் முப்பது அங்குலத்துக்குள் எங்காயினும் படலாம். 40 யாரில் எஸ்.ஜி. தோட்டா வெடிப்பது பெரும்பாலும் பன்றியைக் காயப்படுத்துவதற்கே உதவும். 25 யாருக்கு உட்பட்ட தூரத்தில், அசையாத துவக்கால், ஒரே வெடி வைப்பதே முறை. தாங்கியின் பயன் தூரத்தைக் கூட்டுவதிலன்று. அண்மையில் வைக்கும் வெடி தவறாதிருக்கச் செய்வதிலேயே உள்ளது. தாங்கி வைத்திருப்பவர் இதனை மறந்து, "இனி அறுபது யாரிலும் சுடலாம்" எனத் துணிவாராயின் அவர் தாங்கியின்றிச் சுடுவதே நன்று.

காயப்பட்ட பன்றியின் கதையைக் காட்டோரக் கமக்காரருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அது பற்றையினுட் படுத்திருந்து, மறுநாட் காலை விறகு பொறுக்க வரும் பெண்ணின்மேற் பாயினும் பாயும்.

பழைய தாங்கிகள்

துவக்கைத் தாங்கிச் சுடும் வழக்கம் புதியதன்று. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் காலாட்கள் சுமந்த மஸ்கற்றுத் துவக்கு மிகக் கனத்தது. அதனைக் கையாலேந்திச் சுடவியலாமையால் ஒவ்வொருவனும் தலையிற் கவையமைந்த ஊன்றுகோலொன்றையும் உடன் கொண்டு சென்றான். துவக்கு இலேசாகிய பின்னர், பதினேழாம் நூற்றாண்டிற் கவைக்கோல் வழக்கொழிந்தது. திபெத்து மேட்டுநில வேட்டைக்காரர் மான்கொம்பினாலாகிய இரு காலைத் துவக்கின் முன்கட்டையிலேயே பூட்டி, வேண்டும்போது கீழே மடித்து ஊன்றினர். நமது நாட்டிலும் கண்டி இராச்சியத்துப் படையினர் கொடித்துவக்கு எனப்பட்ட பெருந்துவக்கை மரக்கால்களின்மேல் நிறுத்திச் சுட்டனர். அக்கால்களின் தோற்றத்தைக் கண்ட ஆங்கிலேயர் அதற்கு வெட்டுக்கிளி என்று பெயரிட்டனர். ஆபிரிக்க வேட்டைக்காரர் இன்றும் மூன்று தடிகளை ஒருங்கே கட்டித் தோளிற் சுமந்து செல்வர். கடைகளில் இக்காலத்து விற்பனையாகும் அலுமினியத் தாங்கிகளும் காபன் நாரினாலாய தாங்கிகளும் இம்முத்தடியின் வழிவந்தவையே.

வகைகள்

ஒற்றைக்கால் தாங்கி மேற்புறம் கவையாயமைந்த தடியொன்றே. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஊன்றுகோலாகவும், வாய்க்காலின் ஆழம் பார்க்கவும், பாம்பு கிடக்கும் பற்றையைத் தட்டவும் அது உதவும். மேலுங் கீழும் ஆடுவதை அது தடுக்கும். இடமும் வலமும் ஆடுவதைத் தடுக்காது. ஓரிடத்தில் நில்லாது வரம்புகளைச் சுற்றிக் காவல் செய்பவருக்கு இதனிலும் இலேசானது வேறில்லை.

இரட்டைக்கால் தாங்கி இரு தடிகளை மேல்நுனியிலிருந்து நான்கு அங்குலங் கீழே கட்டி, கத்தரிக்கோல் போல விரித்து ஊன்றுவது. பக்க ஆட்டமும் இதனால் நிற்கும். முன்பின்னாகச் சாய்வதைச் சுடுபவரின் உடலே தடுத்தல் வேண்டும். வரம்பில் அமர்ந்திருப்பவர் ஒரு காலை வரம்பின் ஒரு புறத்தும், மறு காலை மறு புறத்தும் ஊன்றிக் கொள்ளலாமாதலால் ஒடுங்கிய வரம்புகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

முக்கால் தாங்கி தன்னாலே நிற்பது. மூன்று கால்கள் எத்தகைய மேடுபள்ளத்திலும் ஆடாது; நான்கு காலுள்ள வாங்கு சமமற்ற நிலத்தில் ஆடுவதையும், மூன்று கல் அடுப்பு எங்கும் ஆடாதிருப்பதையும் காண்பவருக்கு இதன் காரணம் விளங்கும். நின்று சுடுவோருக்கு இதுவே தக்கது. துவக்கின் முன்புறத்தையும் அடிப்புறத்தையும் ஒருங்கே தாங்கும் நாற்கால் தாங்கியும் உண்டு. அதன்மேற் துவக்கு கல்லிற் பதித்தது போல நிற்கும். ஆயினும் பன்றி நான்கு அடி விலகினால் தாங்கி முழுவதையும் பெயர்த்து வைக்க வேண்டும். பன்றி ஒருபோதும் ஓரிடத்தில் நின்று மேய்வதில்லை. ஆதலின் இது நமக்கு உதவாது.

இறுதியாக, துவக்கின் முன்கட்டையிற் பூட்டிப் படுத்துச் சுடுவதற்கான குறுங்கால் தாங்கி. விளம்பரங்களில் இதுவே அதிகமாகப் புகழப்படுவது. அசையாமை ஒன்றையே நோக்கின் அப்புகழ்ச்சி பொய்யன்று. ஆயினும் நெல்வயலில் இதனை உபயோகித்தல் ஆகாது என்பது எமது உறுதியான கருத்து. அதற்கான காரணத்தை அடுத்துக் கூறுவோம். இப்பிரசுரத்தில் மற்றெல்லாவற்றையும் மறப்பினும் அதனை மறவாதிருத்தல் வேண்டும்.

உயரமும் அயலவர் உயிரும்

தாங்கி எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவுக்கு அது உறுதியானது. நிற்பதிலும் இருப்பதும், இருப்பதிலும் படுப்பதும் அசைவு குறைந்தவை. வேட்டை நூல்கள் யாவும் இதனையே கூறும். மலைச்சரிவை எதிரே நோக்கிச் சுடுபவனுக்கு அது சரியே. தவறிய குண்டு எதிர்ச் சரிவின் மண்ணிற் புதைந்துவிடும். நெல்வயலோ மேசைபோலச் சமமானது. அங்கே தவறிய சன்னம் எங்கே செல்லும் என்பதைச் சிறு கணக்கினால் அறியலாம்.

பன்றி 25 யார், அதாவது 75 அடி தூரத்தில் நிற்கின்றது எனவும், நாம் குறிவைக்கும் இடம் நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம் எனவுங் கொள்வோம். நின்றபடி முக்கால் தாங்கியிற் சுடுபவரின் துவக்கு நாலரை அடி உயரத்திலிருக்கும். அவரது வெடி 75 அடியில் மூன்று அடி கீழிறங்குகின்றது. பன்றியைத் தவறினால் அப்பால் 37 அடி சென்று நிலத்திற் படும். வரம்பில் அமர்ந்திருப்பவரின் துவக்கு இரண்டரை அடி உயரத்தில் உள்ளது; அவரது வெடி 75 அடியில் ஓரடியே இறங்கும்; பன்றிக்கப்பால் 112 அடி சென்ற பின்னரே நிலத்தைத் தொடும். படுத்திருப்பவரின் துவக்கு ஓரடி உயரத்தில் உள்ளது. அவரது வெடி கீழிறங்குவதேயில்லை, மேல்நோக்கியே செல்லும். பத்தடி உயரப் பரணிலிருந்து சுடுபவரின் வெடியோ பன்றிக்கப்பால் 13 அடியிலேயே மண்ணிற் புகுந்துவிடும்.

சன்னங்கள் பரந்து செல்வதால் மேற்புறத்துச் சன்னங்கள் இக்கணக்கினுந் தூரம் போகும். மேலும் நீர் நிற்கும் வயலிலோ காய்ந்து இறுகிய நிலத்திலோ சாய்வாக வந்து படுஞ் சன்னம், சிறுவர் குளத்தில் எறியும் ஓட்டுத்துண்டு போலத் தத்திச் செல்லும். அது எவ்வளவு தூரஞ் செல்லவல்லது? ஜூர்னே என்ற பிரெஞ்சுப் படைத்தலைவர் கண்ட விதியொன்றுண்டு: சன்னத்தின் விட்டத்தை அங்குலத்திற் கொண்டு 2200ஆற் பெருக்கினால், அது செல்லக்கூடிய ஆகக்கூடிய தூரம் யாரிற் கிடைக்கும். எஸ்.ஜி. சன்னத்தின் விட்டம் ஓர் அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு. ஆகவே 730 யார் வரை, ஏறக்குறைய அரை மைல் தூரம், அது சென்று விழக்கூடும். அத்தூரத்துக்குள் எத்தனை காவற்கொட்டில்கள், எத்தனை வீடுகள் உள்ளன என்பதை ஒவ்வொரு கமக்காரரும் தத்தம் வயலில் நின்று பகலில் எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆதலால் சமநிலத்தில் விதி தலைகீழாகின்றது. உறுதி சற்றுக் குறைந்தாலும் உயர்ந்த தாங்கியே தெரிவுசெய்யப்படல் வேண்டும். பரண் அமைக்கக்கூடிய இடத்திற் பரணே முதல். அஃதியலாவிடத்து நின்று சுடும் முக்கால் தாங்கி. அமர்ந்து சுடுவது பன்றிக்குப் பின்னே குளக்கட்டோ, உயர்ந்த மண்மேடோ இருந்தால் மட்டும். படுத்துச் சுடுவது எக்காரணத்தாலும் ஆகாது. ஓரடி உயரமான வரம்பு மண்மேடாகாது. மரமும் பற்றையும் சன்னத்தைத் தடுக்கும் என நம்பவும் வேண்டாம்.

இராக்காலத்தில் வயலுக்கு வருவது பன்றி மட்டுமன்று. முறைநீர் கிடைக்கும் இரவில் அயற்காணிக்காரர் மண்வெட்டியுடன் வாய்க்காலிற் குனிந்து நிற்பர். சேற்றில் அவர் கால் வைக்கும் ஓசைக்கும் பன்றி கிண்டும் ஓசைக்கும் வேறுபாடு காண்பது கடினம். ஓசையை நோக்கிச் சுடுதல், அசையும் இருளை நோக்கிச் சுடுதல், இரு கண் ஒளியை மட்டும் கண்டு சுடுதல் என்னும் மூன்றும் கொலைக்கு ஒப்பானவை. விலங்கின் முழு உருவத்தையும் கண்டு, அது பன்றியே என உறுதிகொண்ட பின்னரே விசையில் விரல் வைத்தல் வேண்டும். மரையும் புள்ளிமானும் சட்டத்தினாற் பாதுகாக்கப்பட்டவை; அவற்றைச் சுட்டுவிட்டுப் பன்றியென எண்ணினேன் என்பது நீதிமன்றில் நில்லாது. தாங்கி இவ்விடத்தும் உதவுகின்றது: துவக்கின் பாரத்தைத் தாங்கி ஏற்றுக்கொள்வதால், கை சோராமல், பொறுத்திருந்து பார்த்துத் தெளிய நேரங் கிடைக்கின்றது.

நிலத்திற்கேற்ற கால்கள்

சேற்று நிலத்திற் கூரிய கால் புதைந்து கொண்டே போகும். ஒரு கால் மற்றதிலும் ஆழப் புதைய, குறி மெல்ல மெல்லச் சரியும். கால்நுனியிலிருந்து மூன்று அங்குலம் மேலே துளையிட்ட தேங்காய்ச் சிரட்டையொன்றைக் கவிழ்த்துக் கட்டினால் அது அகன்ற பாதமாய் நின்று புதைவைத் தடுக்கும். வறண்ட காலத்தில் அதனைக் கழற்றிவிடலாம். பாறை நிலத்தில் கூரிய கால் வழுக்குவதோடு உராயும் ஓசையையும் எழுப்பும். பழைய சைக்கிள் ரியூப்பின் துண்டைக் காலில் மாட்டி நூலாற் கட்டிவிட்டால் இரண்டு குறைகளும் நீங்கும். சேனை நிலத்தின் வெட்டுக்கட்டைகளுக்கும் வேர்களுக்கும் இடையே வெறுங் காலே போதும்.

மலைச்சரிவில் மூன்று கால்களில் இரண்டு பள்ளப்புறத்தும் ஒன்று மேட்டுப்புறத்தும் நிற்றல் வேண்டும். மாறாக வைத்தால் வெடியின் உதைப்பு இல்லாமலே தாங்கி சரியும். பள்ளத்துக் கால்களை அதிகம் விரியாமலும் மேட்டுக் காலை அகல விரித்தும் வைத்தால் தலை நேராய் நிற்கும். மேல்நோக்கிச் சுடும்போது வெடியின் உதைப்புச் சுடுபவரைப் பள்ளத்துக்குத் தள்ளுமாதலால், அவர் தமது பின்காலை ஏதேனும் ஒரு கல்லிலோ படிக்கட்டின் விளிம்பிலோ பதித்துக் கொள்ளல் வேண்டும். குன்றின் உச்சிக்கோட்டில், பின்னே வானம் தெரிய நிற்கும் விலங்கைச் சுடலாகாது. உச்சிக்கு அப்பால் யாருடைய தோட்டம் உள்ளதோ அவரே அறிவார். மேற்படியிலிருந்து கீழ்ப்படியை நோக்கிச் சுடுவது மண்ணிற் புதையும் வெடியாதலால் நன்று. ஆயினும் மரக்கறித் தோட்டங்கள் நிறைந்த சரிவுகளில் கீழே வீடுகள் நெருங்கியிருக்குமிடத்து அதுவும் வேண்டாம்.

கமக்காரர் தாமே செய்து கொள்ளல்

இறக்குமதியாகும் தாங்கிகள் நன்கு செய்யப்பட்டவையே. ஆனால் அவற்றின் விலைக்கு வேலிக்கான முட்கம்பி வாங்குவது கமத்துக்கு அதிக பயனைத் தரும். மேலும் நீட்டியும் குறுக்கியும் பூட்டும் உலோகக் கால்கள் "டக்" என்று ஒலிக்கும். பன்றியின் கண் அவ்வளவு கூரியதன்று. மூக்கும் காதும் மிகக் கூரியன. அவ்வொரு ஓசையோடு அன்றைய இரவின் காவல் முடிந்துவிடும். நிலவொளியில் மினுங்கும் அலுமினியத்துக்கு மங்கல் நிறம் பூசுவதும் அவசியம்.

நமது வளவிலேயே கிடைக்கும் பொருள்கள் போதுமானவை. முற்றிய மூங்கில், அதிலும் உட்கூடு சிறுத்த கல்மூங்கில், இலேசும் உறுதியுமானது. மூன்று ஆண்டுக்குக் குறைந்த இளமூங்கிலை வெட்டலாகாது. அதிலுள்ள மாப்பொருளை நாடி வண்டு துளைக்கும். வெட்டிய தடிகளைக் குளத்திலோ ஓடும் வாய்க்காலிலோ இரண்டு மூன்று கிழமை அமிழ்த்தி வைத்து, பின் நிழலில் உலர்த்தினால் அம்மாப்பொருள் கரைந்து வண்டின் தொல்லை குறையும். மூங்கில் கிடையாதவிடத்து முதிர்ந்த கமுகைப் பிளந்து செதுக்கிய சலாகை நன்று. சிலாம்பு கையிற் குத்தாதிருக்க ஓட்டுத்துண்டாற் தேய்த்தல் வேண்டும். வேலியிற் கிடக்கும் கிளிசிறியாத் தடி கைக்கெட்டியது என்பது உண்மையே. ஆயினும் அது நேராயிருப்பதில்லை, விரைவில் உளுத்தும் போகின்றது. பாலைக்கம்பு ஆயுளுக்கும் நிற்கும், ஆனால் அதனைச் சுமந்து இரா முழுவதும் வரம்பு சுற்றுபவர் மறுநாள் வயலில் வேலை செய்யார். மூன்று தடிகளுஞ் சேர்ந்து மூன்று இறாத்தலுக்கு மேற்படாதிருப்பின் நன்று.

நின்று சுடும் தாங்கிக்கு ஐந்தரை அடி நீளமுள்ள மூன்று தடிகளை எடுத்து, மேல்நுனியிலிருந்து ஆறு அங்குலங் கீழே கட்டுதல் வேண்டும். கயிற்றாற் கட்டின் இறுகியும் தளர்ந்தும் தொல்லை தரும். சைக்கிள் ரியூப்பிலிருந்து ஓரங்குல அகலத்தில் வெட்டிய நீண்ட பட்டியை ஒரு தடியின் மேலும் அடுத்ததன் கீழுமாகப் பின்னிச் சுற்றி முடிந்தால், கால்கள் ஓசையின்றி விரிந்து தாமே இறுகி நிற்கும். கட்டுக்குக் கீழுள்ள ஐந்தடிக் கால்கள் நடுவிலிருந்து ஒன்றரை அடி வீதம் விரியும்போது கட்டு 4 அடி 9 அங்குல உயரத்தில் நிற்கும். சராசரி உயரமுள்ளவருக்கு இது தோளளவாகும். குறைந்த உயரம் வேண்டின் கால்களை மேலும் விரித்தாற் போதும். அதிகம் வேண்டின் செய்யவியலாதாகையால் தடியைச் சற்று நீளமாகவே வெட்டிக் கொள்ளல் புத்தி. தடியை வெட்டுமுன் ஒருவர் துவக்கைத் தோளிற் பொருத்தி நிற்க, மற்றொருவர் நிலத்திலிருந்து முன்கட்டைக்குள்ள உயரத்தை அளந்து கொள்ளட்டும். கட்டுக்கு மேலே விரியும் நுனிகளுக்குச் சாக்குத் துணி சுற்றுதல் வேண்டும். மரமும் உலோகமும் முட்டும் ஓசை அதனால் அடங்கும்.

பரணிலிருப்பவருக்குத் தாங்கி வேண்டியதில்லை. சிறு சாக்குப்பையொன்றில் உமியை இறுக நிரப்பித் தைத்துக் குறுக்குத்தடியில் வைத்தாற் போதும். மணல் நிரப்பிய பை இதனிலும் உறுதியாயினும் ஏணியில் ஏற்றுவது தொல்லை.

தாங்கியில் வைக்கும் முறை

இரும்புக் குழலை நேரே தடியில் வைக்கலாகாது. வெடிக்கும்போது குழல் தடியை உதைத்து மேலெழும்; வெடி குறிக்கு மேலே செல்லும். இடக்கையைத் தாங்கியின் கவையில் வைத்து, அக்கையிலே துவக்கின் மரத்தாலான முன்கட்டையைத் தாங்குதலே சரியானது. கை மெத்தையாகின்றது. தாங்கியின்மேற் சற்றே முன்சாய்ந்து நின்று, மூச்சைப் பாதி வெளிவிட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்துதல் வேண்டும். துவக்கைத் தாங்கியோடு கயிற்றாற் கட்டுவதும் ஆகாது. பன்றி விலகினால் துவக்கைத் திருப்பவும், ஆளொருவர் குறுக்கே வந்தால் உடனே வானோக்கி உயர்த்தவும் அது தடையாகும்.

தோட்டா இல்லாத துவக்கோடு பகலில் பழகுதல் வேண்டும். தோளிற் கிடக்கும் தடிகளை இறக்கி, விரித்து, துவக்கை வைத்துக் குறிபார்ப்பதற்கு ஐந்து மூச்சுக்கு மேற் செல்லாதிருக்கும்வரை பழகியவரே இருளில் இதனை உபயோகிக்கலாம். நடந்து செல்லுங்கால் தோட்டாக்களைக் கழற்றி, துவக்கைத் திறந்தபடியே கொண்டு செல்லல் வேண்டும். வரம்பு வழுக்கும், வாய்க்காலைத் தாண்டும்போது தோட்டா ஏற்றிய துவக்கையே ஊன்றுகோலாகக் கொள்ளும் கெட்ட வழக்கம் பல ஊர்களில் உண்டு. தாங்கி கையிலிருக்க அதற்கு இடமேயில்லை.

காவலுக்கு இருவர் செல்வது நன்று. ரோச் விளக்குப் பிடிப்பவர் துவக்குக்காரரின் தோளுக்குப் பின்னேயே நிற்றல் வேண்டும். ஒளி நன்றாய் விழும் என்று ஓரடியேனும் முன்செல்லலாகாது. அன்றிரவு எவ்விடத்தில் இருப்போம் என்பதை அயற்காவலர் யாவருக்கும் பொழுதுபடுமுன் அறிவித்துவிடுதலும், நீர் பார்க்க வருவோர் விளக்கோடும் குரல் கொடுத்தும் வரும்படி கமக்காரர் அமைப்பிற் பேசி முடிவுசெய்தலும் வேண்டும்.

கட்டுத்துவக்கு

துவக்கைத் தடியிற் கட்டி, விசையிற் கயிறு பூட்டி, பன்றி வரும் வழிக்குக் குறுக்கே இழுத்து வைத்துவிட்டு வீட்டிற் படுத்துறங்குவோர் இன்னும் உளர். அதனைத் தாங்கியின் ஒரு வகையென எவரும் கொள்ளலாகாது. கட்டுத்துவக்கு சட்டவிரோதமானது. அதற்குக் கண்ணில்லை. காட்டுக்குத் தேனெடுக்கச் சென்றவர், மாடு தேடிப் போன சிறுவர், அதனைக் கட்டியவரின் சொந்தப் பிள்ளை ஆகிய எவருடைய காலையும் அது முறிக்கும். யானையின் காலிற் பட்ட காயம் புழுத்து, அது பல நாள் வேதனைப்பட்டுச் சாவதும், வேதனை மிகுந்த யானை ஊருக்குள் வந்து ஆட்களைக் கொல்வதும் அதன் பலன்களே. வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியிற் பாய்ச்சுவதும் இதனோடொத்த குற்றமாகும்.

சட்டம்

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலக் கட்டளைச் சட்டத்தின்படி உத்தரவுப்பத்திரமின்றி எவரும் துவக்கு வைத்திருக்கலாகாது. அப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். பத்திரம் தந்தைக்குரியதாயின் மகன் அத்துவக்கோடு காவலுக்குச் செல்வதற்கு முன் பிரதேச செயலகத்தில் விசாரித்து முறைப்படி ஆவன செய்தல் வேண்டும். காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கன்று. ஆயினும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஒதுக்கப்பட்ட காடுகளுக்கும் சரணாலயங்களுக்கும் உள்ளே அதனையுஞ் சுடவியலாது. வயலின் எல்லை எங்கே முடிகின்றது, ஒதுக்கக் காட்டின் எல்லை எங்கே தொடங்குகின்றது என்பதைக் கிராம அலுவலரிடம் முன்னரே கேட்டறிந்து, பன்றி அவ்வெல்லையைத் தாண்டினால் விட்டுவிடுதல் வேண்டும்.

போகம் முடிந்ததும் தடிகளின் சேற்றைக் கழுவி, ரியூப் பட்டியைக் கழற்றி, தடிகளை அடுப்புக்கு மேலே புகைபடும் பரணிற் கிடையாக வைக்கவும். சாய்த்து வைத்த மூங்கில் வளையும். பட்டியை எண்ணெய் படாத இடத்திற் சுருட்டி வைத்து, அடுத்த போகத்துக்கு முன் இழுத்துப் பார்த்து, வெடிப்புக் கண்டால் புதியதாய் மாற்றிக்கொள்ளவும்.